காளியப்பனுக்கு நான் எழுதிய வாக்குமூலம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாக ஆரம்பிக்கவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காளியப்பன் என் வீட்டுக்கு வந்து, ஒரு நீளமான உறையை மேஜைமேல் போட்டு, “சென்னி, இதுக்கு ஒரு பதிலு எழுதிக் குடுறா. நீதான் பொய்யெல்லாம் நல்லா எழுதுவயே” என்றான். இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன். இவ்வளவு சுருக்கமான விமர்சனம் எனக்கு இதுவரை வந்ததில்லை.

காளியப்பன் என் பள்ளித் தோழன். பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, இப்போது நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன மில்லில் கேட் செக்யூரிட்டியாக இருக்கிறான். உறைக்குள் இருந்தது, ரயிலில் மூன்று நாள் தூரத்தில் இருக்கும் ஒரு மலைப்பிரதேச நீதிமன்றத்தின் அழைப்பு. 2003-இல் அங்கே ஓர் இளைஞன் ராணுவத்தின் கையால் செத்துப்போனான். தப்பி ஓடும்போது சுட்டதாகப் பதிவு. அவனைப் பெற்றவள் இருபத்திரண்டு வருஷம் மனுப் போட்டுப் போட்டு வழக்கைத் திறக்க வைத்துவிட்டாள். அன்று அங்கே இருந்தவர்கள் எழுத்து வாக்குமூலத்தோடு நேரில் வர வேண்டும்.

(ஊர்ப் பெயரை எழுதி, பிறகு அடித்துவிட்டேன். படைப்பிரிவின் பெயரையும் அடித்தேன்.)

2

பதில் எழுத உட்கார்ந்தால் கதை வந்து நிற்கிறது. பழக்கதோஷம். முதலில் இப்படித் தொடங்கினேன்:

“மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. சிப்பாய் காளியப்பன் தன் துப்பாக்கியை—”

விட்டுவிட்டேன். நான் அந்த மலையைப் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்த மலையெல்லாம் திருச்செங்கோடும் கொல்லிமலையும்தான். அடுத்து இப்படி எழுதினேன்:

“சனிக்கிழமை என்றால் பூரி.”

இது ஓடியது, அப்பா, என்னமாய் ஓடியது! பள்ளிக்கூட என்.சி.சி. பரேடு. முந்தின நாளே கஞ்சி போட்டுத் தேய்த்து, தகரம்போல் விறைத்து நிற்கும் காக்கிச் சட்டை. காலில் ஒரு சைஸ் பெரிய பூட்ஸ், முன்னால் பழைய துணி அடைத்தது. சந்திரசேகர் சார் “சாவ்தான்!” என்றால் குதிகால் சேரும், “பீச்சே முட்!” என்றால் உடம்பு திரும்பும். எங்கள் இருவருக்கும் இந்தியில் ஓர் எழுத்துத் தெரியாது. காதுக்குப் புரியும் முன்பே காலுக்குப் புரிந்துவிடும். பரேடு முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஆளுக்கு நாலு பூரி, மசால். என் பங்கில் இரண்டு எப்போதும் காளியப்பனுக்குத்தான் போகும். அந்த மசாலின் சோம்பு வாசம் இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமைகள் திரும்பக் கிடைக்குமென்றால் நான் எழுதிய அத்தனையையும் எடைக்குப் போட்டுவிடுவேன்.

பிறகு சேலத்தில் ஆளெடுப்பு. இருவரும் போனோம். ஆயிரத்து அறுநூறு மீட்டர் ஓட்டத்தில் இருவரும் தேறினோம். மருத்துவச் சோதனையில் எனக்குத் தட்டைப் பாதம் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். அவன் போனான், நான் சூரமங்கலத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

இப்படி ஒன்பது பக்கம். காளியப்பனிடம் படிக்கக் கொடுத்தேன். பூரி வரைக்கும் சிரித்துக்கொண்டே படித்தவன், கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான்.

“ஏண்டா, பூரியப் பத்தியே எழுதீட்டு இருக்கறயே, சுட்டத எப்ப எழுதுவ?”

* இந்தக் கேள்விக்குப் பிறகுதான் இது மனுவும் இல்லாமல் நினைவுக் குறிப்பும் இல்லாமல் இப்படி ஆகிப்போனது.

3

மில்லின் கேட் அறையில் வைத்து நடந்ததைச் சொன்னான். மத்தியான வெயில். மக்காச்சோள லாரிகள் எடைமேடைக்கு வரிசையில் நின்றன. ஒவ்வொரு வண்டி எண்ணையும் நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னான்.

“ஓடையோரமா உக்கார வெச்சிருந்தோம். எம்பட வயசுதான் இருக்கும். ஆபீசர் வந்தாரு. எம்பக்கம் திரும்பிச் சுடுன்னாரு. சுட்டன்.”

“அவன் ஓடலயா?”

“கையும் காலும் கட்டியிருந்தா எங்கடா ஓடறது?”

“நீ ஒண்ணுமே சொல்லலயா?”

“ஜீ சாப்னு சொன்னன்.”

லாரிக்காரர் ஒருவர் ஜன்னலில் தட்டினார். அவருக்குச் சீட்டுக் கொடுத்தான். அன்று அங்கே இருந்த சிப்பாய்கள் ஐந்து பேர். ஒருவர் இறந்துவிட்டார். மூன்று பேர், அவன் ஓடினான், சுட்டோம் என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் காளியப்பன்.

“அந்த ஆபீசர்?”

“அவரும் போய்ச் சேந்துட்டாரு. சொன்னவரு இல்ல, செஞ்சவன் நான் இருக்கறன். அவங்க எழுதுன மாரியே நானும் எழுதீட்டன்னா எல்லாருக்கும் நிம்மதி. அந்தம்மாளத் தவுர.”

4

சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். அதிலும் கதைகள் இருக்கின்றன. ‘அ’ என்றொரு சிப்பாய். மேலதிகாரியின் ஆணைப்படி, சட்டத்தின் கட்டளைக்கு இணங்க, ஒரு கும்பலின்மேல் சுடுகிறான். ‘அ’ குற்றம் எதுவும் செய்யவில்லை. கதை முடிந்தது. அதை எழுதியவருக்கு என்ன யோகம் பாருங்கள்! அ-வுக்கு ஊர் கிடையாது, பூரி கிடையாது, ராத்தூக்கம் கெடுவது கிடையாது. ஆனால் ‘சட்டத்தின் கட்டளைக்கு இணங்க’ என்று நடுவில் ஒரு துண்டு கிடக்கிறதே, அதில்தான் காளியப்பன் மாட்டிக்கொள்கிறான். கட்டிப்போட்ட ஆளைச் சுடச் சொல்ல எந்தச் சட்டத்துக்கும் வாய் இல்லை. ஆகவே அது ஆணையே இல்லை. ஆணை இல்லையென்றால் சுட்டது அவன் மட்டும்தான்.

சரி, கதையில் அவனைக் காப்பாற்றலாமே என்று இன்னொன்று எழுதிப் பார்த்தேன்:

“காளியப்பன் துப்பாக்கியைத் தாழ்த்தினான். ‘முடியாது சாப்’ என்றான். ஆபீசரின் முகம்—”

விட்டுவிட்டேன். அவனுக்கு வயது இருபத்துமூன்று. அந்த வயதில் நானாக இருந்தாலும் சுட்டிருப்பேன். பாதம் தட்டை என்பதால் சுடவில்லை, அவ்வளவுதான் என் யோக்கியதை.

(இன்னொன்று உறைத்தது. நான் ‘சுட்டான்’ என்று எழுதினால் காளியப்பன் சுடுகிறான். ‘தாழ்த்தினான்’ என்று எழுதினால் தாழ்த்துகிறான். ஏன் எதற்கு என்று கேட்பதில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.)

5

காளியப்பனின் மனைவி ஸ்ரீதேவி. மகள் சௌமியா, நர்சிங் இரண்டாம் வருஷம். ஸ்ரீதேவிதான் சொன்னாள், போவதா வேண்டாமா என்று குலதெய்வம் கருப்பணாரிடம் பூக் கேட்கலாம் என்று.

எங்கள் பக்கம் பெண் எடுப்பதானாலும் போர்வெல் போடுவதானாலும் இது உண்டு. ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. வெளியே தெரியாதபடி இலையில் ஒன்றுபோல் மடித்துச் சாமி முன்னால் வைத்துவிடுவார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிவப்பு வந்தால் கூடாது. என் சித்தப்பா ஒருவர், சிவப்பு வந்ததென்று, பத்திரிகை அடித்த கல்யாணத்தையே நிறுத்தினார். மீறினவர் யாரையும் நான் அறிந்ததில்லை.

கோயில் வாசலில் ஸ்ரீதேவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். காளியப்பன் கிணற்றில் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

“ஏனுங்ண்ணா, ரெண்டுலயும் செவப்பையே வெச்சுக் கட்டிருங்க. எனக்குக் கை நடுங்குதுங்க.”

“அம்மிணி, சாமி காரியம்…”

“அவரு உள்ள போயிட்டா எம்புள்ள என்னங்ண்ணா பண்ணும்? சாமிகிட்ட நான் பேசிக்கறனுங்க. பழி என்மேல இருக்கட்டும். நீங்க கட்டுங்க.”

கட்டினேன். அவள் சொன்னாள், செய்தேன். மூன்று வாரமாக அவனுக்காக ஒரு வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தவன் நான். அவன் அன்று செய்ததுபோல், சொன்னதை அப்படியே நானும் செய்து முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கைகூட நடுங்கவில்லை.

6

பூசாரி கந்தப்பன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். வேறென்ன வரும்? சிவப்பு.

“சாமி உத்தரவு குடுக்கலப்பா. போவண்டாம்” என்றார்.

ஸ்ரீதேவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன், வெட்கம் கெட்டவன். காளியப்பன் மட்டும் கருப்பணாரையே பார்த்தபடி விறைப்பாக நின்றான்.

“சாமி, நீங்க சொன்னது கேட்டுச்சுங்க” என்றான். “ஆனா நான் போறனுங்க. அன்னைக்கும் இப்படித்தான் நின்னன். அன்னைக்குச் சொல்லியிருக்கோணும், வாய் வரல. இன்னைக்கு வந்துருச்சுங்க. என்னைய என்ன வேணாலும் பண்ணிக்கங்க.”

கந்தப்பன் பூவைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்துப்போனார். ஸ்ரீதேவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த பொட்டலத்தை யாரும் பிரிக்கும் முன் நான் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே வாக்குமூலம் முடிந்தது. அவனே சொல்லச் சொல்ல எழுதினேன். கை, கால் கட்டியிருந்தது. அவன் ஓடவில்லை. ஆபீசர் சொன்னார். சுட்டது நான். ‘உத்தரவின்படி சுட்டேன்’ என்று நான் மாற்றி எழுதிப் பார்த்தேன். “அதைய அடிச்சுரு” என்றான். அடித்துவிட்டேன். ஒன்பது பக்கம் பூரியும் காக்கிச் சட்டையும் எழுதியவன், நாலு வரியை எழுதிவிட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

7

இன்று காலை சேலம் ஜங்ஷனில் அவனை ரயிலேற்ற வந்தேன். ஸ்ரீதேவி வரவில்லை. மகளுக்கு அவன் எதுவும் சொல்லவில்லை. பெட்டியில் இடம் பிடித்துவிட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றான்.

“கேசு என்னமோ ஆயிட்டுப் போவுதுடா, சென்னி. ஜெயிலுக்குன்னாலும் சரி. சாமி பேச்சத் தாண்டி வந்தது ஒண்ணுதான் நெஞ்சுல கெடக்குது. கருப்பணாரு என்மேல இருக்கற கோவத்துல எம்புள்ளைய ஒண்ணும் பண்ணீராம இருக்கோணும்.”

கதையை எப்படி முடிப்பது என்று மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்று, நான் சொல்லவில்லை. அவன் மூன்று நாள் பயணத்தையும், அதற்குப் பின் எத்தனை வருஷமோ அத்தனையையும், மகளுக்குச் சாமி குத்தம் வந்துவிடுமோ என்ற பயத்தோடு கழிக்கிறான். இரண்டு, சொல்லிவிடுகிறேன். பயம் போகிறது. கூடவே, ஸ்ரீதேவிமேல் அவன் வைத்திருந்த நம்பிக்கையும் போகிறது. ஆயுசில் அவன் மீறிய ஒரே உத்தரவு என் கையால் மடித்த பொய் என்றும் ஆகிறது. மூன்று—

மூன்றாவது, முடிவை உங்கள் கையில் கொடுத்துவிடுவது. இந்த மாதிரிக் கதைகளில் அப்படித்தான் செய்வார்கள். நானும் நிறையத் தடவை செய்து கைதட்டு வாங்கியிருக்கிறேன். இன்றைக்கும் கேட்க வாயெடுத்தேன், சொல்லவா, வேண்டாமா என்று.

கேட்க மாட்டேன். நீங்கள் ஒன்றைச் சொல்வீர்கள், நான் செய்வேன். அப்புறம் யாராவது கேட்டால் வாசகர் சொன்னார், செய்தேன் என்பேன். என்னை எனக்குத் தெரியும்.

ரயில் ஊதிவிட்டது. அவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வர்றன்டா” என்றான்.

“காளி, பொட்டலம் கட்டுனது நான்தான்டா” என்றேன்.