வழிவிட்ட குரல்

பேருந்து நிலைய அறிவிப்பாளரின் குரல் ஒரு புதன்கிழமை காலையிலிருந்து நொடிக்கு இரண்டு தடவைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காணாமல் போய்த் திரும்பி வரத் தொடங்கியது. முதலில் எல்லோரும் ஒலிபெருக்கியைத்தான் சந்தேகப்பட்டார்கள். எலெக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஏறி ஒயரை மாற்றினார், மைக்கை மாற்றினார், கடைசியில் ஏணியையும் மாற்றிப் பார்த்தார். அறிவிப்பாளர் வெறுத்துப்போய் எழுந்து தேநீர்க் கடைக்குப் போய், "ஒரு டீ, சர்க்கரை வேண்டாம்" என்று சொன்னது கடைக்காரர் காதில் "ஒ... டீ... சர்க்... வே..." என்று விழுந்தது. அவர் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தார். அப்படியாகப் பழுது மைக்கில் இல்லை, மனிதரிடம்தான் என்பது தெரிந்தது. தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்து, இவ்வளவு நல்ல தொண்டையைத் தான் பார்த்ததே இல்லை என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

பழுது தொண்டையிலும் இல்லை. ஊரின் மறுகோடியில், நான்காம் மாடி வீடொன்றின் படுக்கையறையில் இருந்தது. அங்கே அறிவிப்பாளரின் தம்பி தனியாகக் குடியிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் அடுக்குமாடிகளின் உச்சியில் கிரீஸும் கம்பிவடமுமாகக் கிடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து டெக்னோ, ட்ரான்ஸ் என்கிற கணினித் தாள இசை செய்வான். ஒரு பழைய கணினி, மூன்று கட்டை உடைந்த கீபோர்டு, காதை மூடும் ஹெட்போன், சத்தத்தை அடக்கச் சுவரில் முட்டை அட்டைகள். இதற்கு யாரும் அவனுக்குக் காசு கொடுத்ததில்லை. முகம் தெரியாத இருபது முப்பது பேர் இணையத்தில் கேட்டார்கள்; அதில் ஒருவர் பாட்டு தொடங்குவதற்கு முன்பே பிடித்திருக்கிறது என்று அழுத்திவிடுவார். அண்ணன் ஒருமுறை கேட்டுவிட்டு, "எல்லாம் சரிடா, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றார். அம்மா மட்டும் வரும்போதெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து கடைசிவரை கேட்பாள். "குக்கர் சத்தம் மாதிரிதான் இருக்கு. ஆனா நல்ல குக்கர்" என்பாள்.

அம்மா அண்ணன் வீட்டில்தான் இறந்தாள். அன்று மெக்கானிக்குக்கு விடுமுறை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அண்ணனிடமிருந்து ஒரே ஒரு அழைப்பு வந்திருந்தது. அதற்குப் பிறகு சாயங்காலம் ஒரு குரல் செய்தி: "அம்மா போயாச்சு. எல்லாம் முடிஞ்சாச்சு. கூப்பிட்டேன், உனக்குக் கேக்கல. இனிமே கேட்டு என்ன ஆகப்போகுது." அவன் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தரை கழுவியாகிவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்க்காத மகன், பாதிப் படியில் நின்று அந்த நாற்காலி அடுக்கைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பினான். அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் நெஞ்சில் நெருப்பை வைத்துக்கொண்டு லிஃப்ட் பழுது பார்த்தான். கதவு சாத்துகிற சத்தத்தில்கூட அண்ணனைத் திட்டினான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் அண்ணனின் குரல் செய்தியை எடுத்து ஒரு டெக்னோவில் போட்டான். இந்த இசையில் ஒரு வழக்கம் உண்டு. கிக் என்கிற அடித்தாளம் விழும்போதெல்லாம் மற்ற ஒலிகள் ஒரு கணம் தலை குனிந்து அதற்கு வழிவிடும்படி கட்டிவிடுவார்கள். நிதானத்தில் இருப்பவன் குரலின் நகல் ஒன்றை எடுத்து அதில்தான் கட்டுவான். இவன் கோபத்தில் மூலத்திலேயே கட்டினான்; அதன் மேலேயே சேமித்தான். பழைய செய்தி அழிந்தது. "கூப்பிட்டேன், உனக்குக் கேக்கல" என்ற குரல் ஒவ்வோர் அடிக்கும் குனிந்து குனிந்து எழுந்தது. குனியட்டும் என்று அவன் அதை ஓடவிட்டுப் படுத்துக்கொண்டான். மறுநாள் காலையில் ஊரின் இன்னொரு கோடியில் அண்ணனும் குனியத் தொடங்கினார்.

அண்ணிதான் கண்டுபிடித்தாள். எதற்கும் ஒருமுறை பேசிப்பார்க்கலாம் என்று வந்தவள், படுக்கையறையில் ஓடிக்கொண்டிருந்ததைக் கேட்டுத் தொடையில் விரலால் தாளம் போட்டாள். "தம்பி, உங்க அண்ணன் இதே கணக்குலதான் விட்டுவிட்டுப் பேசறாரு" என்றாள். மெக்கானிக் பாட்டை நிறுத்தினான். உடனே அண்ணியின் போன் ஒலித்தது, வீட்டிலிருந்து அண்ணன்தான்; எடுத்தால் மறுமுனையில் ஒன்றுமே இல்லை. "இருந்ததும் போச்சு. மறுபடி போட்டுவிடுங்க" என்றாள் அண்ணி. போட்டான். கிக்கைச் சின்னதாக்கிப் பார்த்தான். அடியின் சத்தம் சிறுத்தது, குரலில் விழும் பள்ளம் சிறுக்கவில்லை. நடுவே கொஞ்ச நேரம் கிக்கையே எடுத்துவிடுவது ட்ரான்ஸ்காரர்கள் வழக்கம். அது அவனுக்கும் தெரியும். ஆனால் செய்யவில்லை. நிலையத்தில் அண்ணனை மைக்கிலிருந்து எழுப்பி, தொலைந்த பைகள் அறையில் உட்கார வைத்தார்கள் என்று கேள்விப்பட்ட அன்று அவன் கிக்கை இன்னும் கனமாக்கினான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவனுக்கு அது இனித்தது. மாதங்கள் போயின. மின்வெட்டில் பாட்டு நின்றுவிடக் கூடாதென்று ஒரு பேட்டரி மட்டும் வாங்கி வைத்தான். அதை இரக்கம் என்று அவன் ஒத்துக்கொண்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அண்ணனே வந்துவிட்டார். லிஃப்டில் ஏறாமல் நான்கு மாடியும் படியேறி வந்து, வாசலிலேயே திட்டத் தொடங்கினார். திட்டு வந்தது, பாதிப் பாதியாக வந்தது. "நீ மனு... னாடா... சொந்த அண்... சோத்து... மண்..." எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, யாரோ ஒத்திகை பார்க்கிறார்கள் என்று மூடிக்கொண்டார். மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நடுவில் "அம்மா... சியா... சொன்..." என்று ஒன்று வந்தது. கட்டிய கை தானாக அவிழ்ந்தது. "என்ன சொன்னாங்க?" என்றான். அண்ணன் மறுபடி சொன்னார். மறுபடி கிக் அதை மென்று விழுங்கியது. மூன்றாம் தடவை சொல்லும்போது அவருக்கு மேல்மூச்சு வாங்கியது. அம்மா கடைசியாகச் சொன்னது உலகத்தில் இந்த ஒரு வாயில்தான் இருக்கிறது, அந்த வாயைத் தன் கோபம்தான் பொத்திக்கொண்டிருக்கிறது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கும் அண்ணன் மேல்தான் கோபம் வந்தது.

கடவுள் மனிதனுக்குக் கோபத்தைக் கொடுத்தபோது கூடவே தாகத்தையும் கொடுத்திருக்கிறார். படியேறிக் கத்தியதில் அண்ணனுக்கு நா வறண்டு இருமல் வந்தது. மெக்கானிக் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். கொஞ்சம் வேகமாகவே வைத்தான், சிந்தியது. அண்ணன் குடித்தார். தொண்டை மேலும் கீழும் போவது அப்படியே கிக்கின் கணக்கில் இருந்தது. தண்ணீர் குடிக்கிற ஒருவனை அதிக நேரம் வெறுக்க முடிவதில்லை. மெக்கானிக் எழுந்து படுக்கையறைக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த பாட்டின் நடுவில் ஒரு நீளத்துக்குக் கிக்கை வெட்டி எடுத்தான். மெல்லிய நாதம் மட்டும் நீண்டது.

"இப்ப சொல்லு" என்றான்.

அண்ணன் தன் முழுக்குரலைக் கேட்டுத் தானே கொஞ்சம் பயந்தார். "ரெண்டாவது தடவ உன்னக் கூப்பிடப் போனேன். கையைப் பிடிச்சிட்டாங்க. 'அவன் பாட்டுல இருப்பான்டா, பாதில நிறுத்தினா அவனுக்கு அப்புறம் வராது. முடிச்சிட்டு வரட்டும்'னாங்க. அதான் கடைசி." தம்ளரைக் கீழே வைத்தார். "மூணு மாசம் பக்கத்துல இருந்து பார்த்தது நான். தூக்கி உக்கார வெச்சது நான். போற நேரத்துலயும் உன் பாட்டு. எனக்கு எரிஞ்சுது. சரி, அவன் முடிக்கட்டும்னு நானும் எல்லாத்தையும் முடிச்சேன்."

"அவங்க முடிக்கச் சொன்னது பாட்ட. நீ முடிச்சது என்னைய" என்றான் மெக்கானிக். "முகத்தக் கூடக் காட்டாமப் பண்ணிட்டியே, நீயெல்லாம்..."

"ஆமாடா, பண்ணேன். தப்புதான். ஆனா நீ பண்ணது என்ன? ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு எட்டு வந்து என்ன ஏதுன்னு..."

அந்த இடத்தில் கிக் திரும்பி வந்தது. "கேட்..." என்று அண்ணன் நின்றார். மெக்கானிக் படுக்கையறைக்கு ஓடி, வெட்டின இடத்தை இன்னும் இழுத்து நீட்டிவிட்டு, "ம், சொல்லு" என்று வந்து நின்றான். அன்று பகல் முழுவதும் அப்படித்தான் போயிற்று. குரல் விழும்போதெல்லாம் தம்பி ஓடினான். அண்ணனிடம் முழுசாகத் திட்டு வாங்குவதற்காக ஓடினான், முழுசாகத் திருப்பித் திட்டுவதற்காகவும் ஓடினான். இருவரும் அழவில்லை. பாத்திரம் ஒன்று உடைந்தது.

கோபம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. இப்போதும் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் அண்ணி நடுவில் உட்கார்ந்துகொள்கிறாள். பாட்டும் நிற்கவில்லை. கிக்கை முழுக்க எடுத்தால் குரல் கரகரத்து மங்கிவிடுகிறது என்று தெரிந்ததால், அடி கொஞ்சம், அமைதி கொஞ்சம் என்று மெக்கானிக் அதைக் கட்டிவைத்திருக்கிறான். அண்ணனை மறுபடி மைக்கில் உட்கார வைத்துவிட்டார்கள். கிக் ஓடும் நேரம் அவர் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் வழியாக வண்டிகளைப் பார்ப்பார். அமைதி வந்ததும் எந்த வண்டி, எந்த நடைமேடை, எந்த ஊர் என்று அத்தனையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். நிலையத்தின் நேர அட்டவணையை அதற்கேற்ப மாற்றியிருக்கிறார்கள். பயணிகள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அந்த அமைதியில் ஏறி உட்காருகிறார்கள். ஓட்டுநர்கள் இன்ஜினைப் போட்டுவிட்டு ஸ்டீயரிங்கில் கை வைத்துக் காத்திருக்கிறார்கள். கிக் திரும்பி வந்த பிறகு வண்டிகள் கிளம்புகின்றன.