எந்தப் பொத்தான் முதலில்?

மருந்து அடைக்கும் அறைக்குள் தூசி போகாமலிருக்க முன்னால் ஒரு சின்ன இடைவழி, அதற்கு இரண்டு கதவுகள், கதவுக்கு ஒரு பொத்தான். ஒன்று திறந்திருந்தால் மற்றது திறக்கக் கூடாது. மோட்டாரும் சென்சாரும் அண்ணியின் பொறுப்பு. மென்பொருள் நாத்தனாருடையது. ஒரே வீடு, ஒரே பட்டறை என்பதால் சண்டைக்குப் பஞ்சமில்லை.

நாத்தனார் முதலில் கணினிக்குள் கதவுகளின் மாதிரி ஒன்றை ஓட்டிப் பார்த்திருந்தாள். எப்படி அழுத்தினாலும் ஒரு கதவுதான் திறந்தது. ஆனால் பட்டறையில் நிறுத்திய நிஜக் கதவுகளில், இருவரும் விளையாட்டாக ஆளுக்கொரு பொத்தானைச் சேர்ந்து அழுத்தியபோது இரண்டும் திறந்துகொண்டன.

"உன் கம்ப்யூட்டர்ல சமத்துப் பிள்ளையா இருக்கு. இங்க பாரு, வாயைப் பொளந்துகிட்டு நிக்குது," என்றாள் அண்ணி.

நாத்தனாருக்குக் கோபம் வரவில்லை, மண்டைக் குடைச்சல்தான் வந்தது. மாதிரியிலும் இரண்டு பொத்தான்களையும் ஒரே கணத்தில் அழுத்த வைத்தாள். உள்கதவு திறந்தது. மறுபடியும் உள்கதவுதான்.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ரெண்டும் ஒரே நேரம்னா, அது ஏன் எப்பவும் உள்கதவு?"

நாத்தனார் இதை யோசித்ததே இல்லை. மாதிரிக்காகப் போட்ட படத்தில் உள்கதவைத்தான் முதலில் வரைந்திருந்தாள். சும்மா, வரிசையை மாற்றிப் பார்த்தாள். இப்போது வெளிக்கதவு திறந்தது.

"அடிப்பாவி! நீ வரைஞ்ச வரிசைதான் அதுக்கு நேரமா?"

"அது மட்டும் இல்ல அண்ணி. மத்த கதவு மூடியிருக்கான்னு பார்க்கறதுக்கும் முடிவெடுக்கறதுக்கும் நேரமே ஆகாதுன்னு வச்சுட்டேன். ஒரு கதவு திறந்து முடிச்ச பிறகுதான் அடுத்தது பார்க்குது. நிஜத்துல ஒண்ணு யோசிக்கிற இடைவெளியில இன்னொண்ணும் பார்த்துடுது."

"என் மோட்டாரும் சொன்ன உடனே ஓடாது. சோம்பல் முறிச்சுட்டுதான் கிளம்பும்."

அதையும் சேர்த்து, ஒவ்வொரு வேலைக்கும் துளி நேரம் கொடுத்து ஓட்டினாள். திரையில் இரண்டு கதவுகளும் அகலத் திறந்தன.

"வந்துடுச்சு! தப்பு வந்துடுச்சு!" என்று குதித்தாள் நாத்தனார்.

"தப்பு வந்ததுக்கா இந்தக் குதி?" என்று எட்டிப் பார்த்தான் அண்ணன்.

கதவுகள் தனித்தனியாக முடிவெடுப்பதையே அவள் நிறுத்திவிட்டாள். இனி இரண்டும் ஒரே இடத்தில் அனுமதி கேட்க வேண்டும். சேர்ந்து கேட்டால் உள்ளே இருப்பவருக்கு முதலிடம். மாதிரி சரியாக ஓடியதும் நிஜக் கதவில் வெளிப் பொத்தானுக்கு அண்ணனையே பிடித்து நிறுத்தினார்கள்; உள் பொத்தானில் அண்ணி.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று எண்ணினாள் நாத்தனார்.

"இரு. மூணு சொல்றப்பவா, சொல்லி முடிச்சப்புறமா?" என்றான் அண்ணன்.

பெண்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள். நாலாவது முயற்சியில்தான் விரல்கள் ஒன்றுசேர்ந்தன. உள்கதவு மட்டும் திறந்தது.

"அப்ப வெளிய நிக்கிறவன்?" என்றான் அண்ணன்.

"காத்திருப்பான்."

"எவ்வளவு நேரம்? உள்ள இருந்து ஆள் வந்துகிட்டே இருந்தா?"

அதையும் ஓட்டிப் பார்க்க நாத்தனார் திரைப் பக்கம் நடந்தாள். பின்னாலேயே அண்ணியும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள்.