சண்முகப்ரியாவின் பெயரில்

அந்தச் சனிக்கிழமை கல்லூரிக்குச் சென்னையிலிருந்து ஐந்து பேர் வந்திருந்தார்கள். ஒரு நிதி நிறுவனத்தின் ஊழியர்கள். வேலைக்குப் போகப்போகும் பிள்ளைகளுக்குப் பணத்தை எப்படிக் கையாள்வது என்று விடுமுறை நாளில் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று துறைத் தலைவர் அறிமுகப்படுத்தினார். மூன்றாம் ஆண்டு பி.காம் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

சண்முகப்ரியா முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் நாற்பத்திரண்டு பேரில் அவளுக்கு மட்டும்தான் வேலை கிடைத்திருந்தது. கடலூரில் ஒரு தனியார் வங்கிக் கிளை, ஜூன் இரண்டாம் தேதி சேர வேண்டும். அவளுடைய அம்மா ராஜம்மாள் விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் கம்பெனியில் ஃபியூஸ்களை அட்டைப்பெட்டியில் அடுக்குகிறவள். அண்ணன் திருமால் அதே கம்பெனியில் சூளை வேலை. அப்பா மாணிக்கவேல் பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டியவர். கிட்னி கெட்டுப்போய் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

அவர்களில் வகுப்பெடுத்த பூர்ணிமாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் போனை எடுக்கச் சொன்னாள்.

"பான் நம்பர் இருக்கிறவங்க உங்க கிரெடிட் ஸ்கோரப் பாருங்க. கடனே வாங்கியிருக்க மாட்டீங்க, அதனால ஒண்ணும் வராது. எப்படிப் பாக்கறதுன்னு தெரிஞ்சா போதும்."

பெரும்பாலானவர்களுக்கு எதுவும் வரவில்லை. பின்னால் யாரோ, "நம்மள ஒருத்தனும் மதிக்கல பாரு" என்று சொல்லிச் சிரித்தார்கள். சண்முகப்ரியாவின் திரையில் ஐந்நூற்று இருபத்துநான்கு என்று சிவப்பில் வந்தது. அதன் கீழே மூன்று கடன்கள். மூன்றும் கட்டாமல் நின்றவை.

அவள் கையைத் தூக்கவில்லை. பூர்ணிமா வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது போனை அப்படியே அவளிடம் நீட்டினாள்.

"வேற யாரோடதோ வந்திருக்குதுங்க மேடம்."

பூர்ணிமா பெயரையும் பிறந்த தேதியையும் படித்துப் பார்த்தாள். பிறகு மூன்றாவது கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரைப் பார்த்தாள். அது அவள் வேலை செய்யும் நிறுவனம். "கிளாஸ் முடிஞ்சதும் பேசலாம்மா" என்றாள். அவள் குரல் இறங்கிவிட்டிருந்தது.

அன்று சாயங்காலம் திருமால் ஷிப்ட் முடிந்து வந்து, குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, என் பேர்ல லோன் எடுத்தியா?"

அவன் தண்ணீரை நிறுத்தவில்லை. "யாரு சொன்னா?"

"போன்ல இருக்குது. மூணு."

அவன் குழாயை மூடிவிட்டுத் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான். "மொதல்லது அப்பாவுக்குத்தான். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில உடனே பணம் கட்டச் சொன்னாங்களே, அப்ப. என் பேர்ல வண்டி லோன் கட்டாம நின்னுபோயிருந்துச்சு, எனக்கு எவனும் குடுக்கல. ஒன் பேருக்கு ஆப்புல பத்து நிமிஷத்துல குடுத்தான். ரெண்டாவது அதோட தவணை கட்ட எடுத்தது. மூணாவது ரெண்டாவதோட தவணை கட்ட. எதையும் முழுசா அடைக்க முடியல."

"ஓடிபி யாரு சொன்னது?"

"நீதான். இன்சூரன்ஸ் கார்டுக்குன்னு கேட்டேன்."

அவளுக்கு நினைவு வந்தது. அப்பாவின் நம்பர்தான் அவளுடைய ஆதாரிலும் இருந்தது, அந்தப் போன் அப்போது அவள் கையில் இருந்தது. அண்ணன் மருந்துச் சீட்டோடு அலைந்துகொண்டிருந்தபோது கேட்ட எண்ணையெல்லாம் அவள் படித்துச் சொன்னாள். அப்பா இறந்த பிறகு அந்தச் சிம்மை அவன் வாங்கி வைத்துக்கொண்டான். கடன்காரர்களின் போன் எல்லாம் அவனுக்கே போயிருக்கிறது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ படிப்ப வுட்டுட்டு வேலைக்குப் போயிருப்ப."

அது உண்மை. அவன் பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவள் உள்ளே போனாள்.

பூர்ணிமா தினமும் போன் செய்து இதையே சொன்னாள். வங்கி, சேருவதற்கு முன் கடன் விவரங்களைச் சரிபார்க்கும். அதற்குள் இந்தக் கடன்கள் சண்முகப்ரியா வாங்கியவை அல்ல என்று நிரூபிக்க வேண்டும். அதற்குப் போலீஸில் புகார் கொடுக்க வேண்டும். யார் செய்தது என்று புகாரில் எழுதத்தான் வேண்டியிருக்கும்.

ராஜம்மாள் இதைக் கேட்டுக் கத்தவில்லை. அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒனக்கு எது சரின்னு படுதோ செய். நான் குறுக்க நிக்கல. அவன் உள்ள போயிட்டா இந்த வூட்டுல ஆரு இருக்கா, அத மட்டும் யோசிச்சுக்க."

சண்முகப்ரியா ஸ்டேஷன் வரைக்கும் போனாள். வாசலில் ஒரு பெண் போலீஸ் என்ன விஷயம் என்று கேட்டார். பஸ் பாஸ் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

பூர்ணிமா தன் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதிப் பார்த்தாள். இரண்டு நாளில் பதில் வந்தது. எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது, ஓடிபி சரி, கையெழுத்து சரி, வாடிக்கையாளரின் படமும் இருக்கிறது.

"என்னா படங்க மேடம்?"

"செல்ஃபி. பின்னால பெஞ்சு தெரியுது. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு." இன்சூரன்ஸ் கார்டுக்கென்று அண்ணன் அங்கே எடுக்கச் சொன்ன படம் என்று சண்முகப்ரியாவுக்குப் புரிந்தது; அதையே மூன்றுக்கும் கொடுத்திருக்கிறான். பூர்ணிமா சொன்னாள், "தூங்காத முகம்மா அது. அதப் பாத்துமா அப்ரூவ் பண்ணாங்கன்னு இருக்கு. ஆனா அத யாரும் பாக்கறதில்ல, மெஷின்தான் பாக்குது."

பிறகு சொன்னாள், "எங்க கம்பெனி லோன நான் கட்டிடறேன்."

"மத்த ரெண்டு?"

"அதுக்கு எங்கிட்ட இப்ப இல்ல."

"மூணையும் கட்டிட்டா எல்லாம் போயிடுமாங்க?"

பூர்ணிமா பொய் சொல்லவில்லை. "போகாது. தாமதமா கட்டினதுன்னு பல வருஷம் காட்டிட்டே இருக்கும்."

"அப்ப வேணாங்க மேடம்."

மே இருபத்தைந்தாம் தேதி காலையில் வங்கியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. பின்னணிச் சரிபார்ப்பின் அடிப்படையில் பணி நியமனம் திரும்பப் பெறப்படுகிறது. அவளுடைய எதிர்காலத்துக்கு வாழ்த்தும் இருந்தது. அம்மா வேலைக்குக் கிளம்பிப்போகும்வரை காத்திருந்து பூர்ணிமாவிடம் சொன்னாள். மறுமுனையில் பூர்ணிமா அழுதாள்.

"அழுவாதீங்க மேடம். நீங்க என்னா பண்ணுவீங்க."

"நான் அந்த கிளாஸுக்கு வந்ததாலதான உனக்கு இவ்ளோ..."

"நீங்க வரலன்னாலும் இந்த லெட்டர் வந்திருக்கும். அந்த மூணு வாரம் நான் நிம்மதியா இருந்திருப்பேன், அவ்ளோதான்." குத்திக்காட்டச் சொன்னதல்ல என்றாலும், சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று அவளுக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. பூர்ணிமா மறுபடி கூப்பிட்டபோது அவள் எடுக்கவில்லை. அதன் பிறகு வந்த அழைப்புகளையும் எடுக்கவில்லை.

வேறு இரண்டு கம்பெனிகளுக்கு விண்ணப்பித்தாள். இரண்டிலும் பான் நம்பர் கேட்டார்கள். மூன்றாவது விண்ணப்பத்தைப் பாதியிலேயே விட்டாள். ஜூன் பத்தாம் தேதி ராஜம்மாள் மேஸ்திரியிடம் பேசி, அடுக்குகிற பகுதியில் அவளுக்கும் ஓர் இடம் வாங்கிக்கொடுத்தாள். வாரக் கூலி, அடையாள அட்டை கிடையாது.

முதல் நாள் அம்மா அதிகாலை ஷிப்டுக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தாள். சண்முகப்ரியா ரோட்டுக்கு வருவதற்குள் எட்டேகால் பஸ் போயிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. திருமால் வண்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினான்.

"ஏறு."

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த பஸ் ஒன்பதரைக்குத்தான். லேட்டானால் முதல் நாளே அரைக் கூலி பிடிப்பார்கள்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். அவன் முதுகில் படாமல், பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தொழிற்பேட்டை வாசல் வரைக்கும் அந்தப் பிடியை விடவில்லை.