ஒன்பது குறைகிறது

ஏழாவது தட்டை ஃப்ரிட்ஜுக்குள் திணித்துவிட்டு ஹெர்லிந்தா முழங்காலால் கதவை அழுத்திக்கொண்டிருந்தாள். மூடவில்லை. மக்காச்சோள மாவில் அவித்த தமால்கள், பன்றிக் கறி, சிவப்புச் சோறு, பீன்ஸ் என்று உள்ளே தட்டுக்கு மேல் தட்டாக ஏறிக் கிடந்தது. அதற்கும் மேலே யாரோ கொண்டுவந்த பெரிய கேக் ஒன்று.

"சாவு வீட்டுக்குக் கேக் எதுக்கு அத்தை?"

"கொண்டுவந்தவங்க மனசு நோகக்கூடாதுடி. வாங்கி வை." எஸ்தோலியா, அப்பாவின் தங்கை. காலையிலிருந்து அழுகைக்கும் அதிகாரத்துக்கும் இடையில் மாறிமாறிப் போய்வந்துகொண்டிருந்தாள்.

"இதையெல்லாம் போன வாரம் கொண்டுவந்திருக்கலாம்ல?"

"போன வாரம் உங்கப்பன் உயிரோட இருந்தான். உயிரோட இருக்கறவன் வீட்டுக்கு யாருடி சோறு தூக்கிட்டு வருவா?"

ஹெர்லிந்தா கேக்கை எடுத்து மேசைமேல் வைத்தாள். கதவு மூடிக்கொண்டது.

முன்னறையில் அப்பா நாபோர் பெட்டிக்குள் கிடந்தார். வயது ஐம்பத்தொன்பது. இரண்டு மணிக்குக் கோயிலுக்கு எடுக்க வேண்டும். வாசலில் பிணவண்டிக்காரர் மே மாத வெயிலுக்கு நிழல் தேடி நகர்ந்துகொண்டே இருந்தார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், காகிதம் இல்லாமல் எல்லை தாண்டி டெக்சஸுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த பொது மன்னிப்பில், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஹெர்லிந்தாவுக்கும் அமெரிக்காவில் தங்கப் பச்சை அட்டை கிடைத்தது. குடியுரிமைக்கு எழுதிப் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் கூப்பிடவில்லை. அதற்குள் போன செப்டம்பரில் கடிதம் வந்தது. குடிமக்கள் அல்லாதவர்களுக்கு இனி உணவு அட்டை கிடையாது. நாற்பது காலாண்டு, அதாவது பத்து வருஷம், உழைத்ததாகப் பதிவு இருந்தால் மட்டும் உண்டு. அப்பா பெயரில் இருந்தது முப்பத்தொன்று. கங்காணி எவரிஸ்தோவிடம் வெங்காயமும் முலாம்பழமும் பறித்த காலம் எந்தப் பதிவிலும் இல்லை. வரி என்று கூலியில் அவர் பிடித்தது பிடித்ததுதான். அரசாங்கத்துக்கு அது போய்ச் சேரவே இல்லை.

"அந்த முதலாளிகிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க," என்று சொல்லியிருந்தாள் உணவு அட்டை ஆபீஸ் பெண். "அது போதும்."

எட்டு மாதம் ஹெர்லிந்தா தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். அப்பா அசையவில்லை.

"எவரிஸ்தோ உனக்கு ஞானத்தகப்பன், எனக்குக் கொம்பாத்ரே. உன்னைக் கையில ஏந்தி ஞானஸ்நானத்துக்குத் தூக்கிட்டுப் போனவன். அவனை சர்க்கார் முன்னாடி திருடன்னு நிறுத்தச் சொல்றியா?"

"திருடன்னு நான் சொல்லலப்பா. நீங்கதான் சொல்றீங்க."

"வாயை மூடு."

ஹெர்லிந்தாவின் புருஷன் வடக்கே ஆப்பிள் பறிக்கப் போனவன் போனவன்தான். அவளுடைய இரண்டு பெண்களும் இங்கே பிறந்தவர்கள். அவர்கள் இருவருக்கு மட்டும் அட்டை தொடர்ந்தது. அன்றிலிருந்து அப்பாவுக்கு ஃப்ரிட்ஜில் இருந்ததெல்லாம் பிள்ளைகள் பங்கு. "அமெரிக்கப் பிரஜைகளே, சாப்பிட வாங்க!" என்று பேத்திகளைக் கூப்பிடுவார். தட்டு வைத்தால் கையை ஆட்டுவார். "எனக்குப் பசிக்கல. சாப்பாட்டு நேரத்துல நான் வெளிநாட்டுக்காரன்." பெண்கள் சிரிப்பார்கள். ஹெர்லிந்தாவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும்.

சர்க்கரை வியாதி இரண்டு கால்விரல்களைத் தின்ற பிறகு வயலுக்குப் போக முடியவில்லை. மருத்துவ அட்டைக்குப் போட்ட மனு, ஒரு தாள் குறைகிறது என்று இரண்டு முறை திரும்பி வந்தது. தர்ம ஆஸ்பத்திரியில் இன்சுலின் மட்டும் கொடுத்தார்கள். தலைசுற்றல் என்று ஒருநாள் சொன்னார். டாக்டரிடம் போகலாம் என்றதற்கு, "அட்டை வரட்டும்," என்றார்.

செவ்வாய்க்கிழமை விடியலில் ஊசி போட்டுக்கொண்டார். கடுங்காப்பி குடித்தார். ரொட்டியைத் தொடவில்லை. அம்மா ஒரு வீட்டில் துணி துவைக்கப் போயிருந்தாள். ஹெர்லிந்தா பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தாள். அங்கே பிள்ளைகள் தொடாத பால் டப்பாக்களை மதியம் உடைத்துச் சாக்கடையில் ஊற்ற வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போனால் வேலை போய்விடும். அன்றும் ஊற்றினாள். மூன்று மணிக்கு வீடு திரும்பியபோது அப்பா கொல்லையில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கிடந்தார்.

"ஊசி போட்டா கட்டாயம் சாப்பிடணும்மா," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "ஒரு டம்ளர் பால் குடிச்சிருந்தாக்கூட…" அவர் முடிக்கவில்லை. 

ஒன்றரை மணிக்கு எவரிஸ்தோ வந்தார். கறுப்புக் கோட்டு, கையில் வெள்ளைத் தொப்பி, பின்னால் அவர் ஆள் ஒருவன் சுட்ட இறைச்சித் தட்டோடு. பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு நிஜமாகவே அழுதார். பெட்டியைத் தூக்கும் ஆறு பேரில் தலைமாட்டு வலப்பக்கம் அவருக்கு என்று அத்தை முந்தைய நாளே முடிவு செய்திருந்தாள்.

"பத்ரீனோ, கொஞ்சம் அடுக்களைக்கு வர்றீங்களா?" என்றாள் ஹெர்லிந்தா.

ஞானமகள் ஆறுதல் தேடுகிறாள் என்று நினைத்து அவர் தோளில் கைபோட வந்தார். அவள் மேசையில் கேக்கை நகர்த்தி ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் வைத்தாள்.

"அப்பா உங்ககிட்ட எந்தெந்த வருஷம் வேலை பாத்தாருன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"இப்பவா? பொணத்தை நடுவீட்டுல வச்சுக்கிட்டா?"

"எட்டு மாசமா அவர் அதே நடுவீட்டுலதான் உக்காந்திருந்தாரு. அப்ப நீங்க வரல."

"செத்தவனுக்கு எதுக்கும்மா காலாண்டும் அரையாண்டும்?"

"அம்மாவுக்கு. புருஷன் உழைச்சது பொண்டாட்டிக்குச் சேரும். செத்தாலும் சேருமாம். நேத்து ஆபீஸுக்குப் போய்க் கேட்டுட்டு வந்தேன்."

"நேத்தா?" கதவருகே நின்ற அத்தை நெஞ்சில் கைவைத்தாள். "அப்பன் அங்க குளிர்ப்பெட்டியில கிடக்கையிலயா?"

"ஆமா அத்தை. வரிசை கம்மியா இருந்துச்சு."

எவரிஸ்தோ தொப்பியை மேசையில் வைத்தார், மறுபடி எடுத்துக்கொண்டார். "எழுதிக் குடுத்தா என்னைத் தோண்ட ஆரம்பிப்பாங்க மகளே. உனக்குத் தெரியாது."

"அவர் வேலை பாத்தாருன்னு மட்டும் எழுதுங்க. மத்தது எதையும் நான் கேக்கல."

"கொம்பாத்ரே நாபோர் ஒரு நாள்கூட இதைக் கேட்டதில்ல." சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. "அப்பேர்ப்பட்ட மனுஷன்."

"கேட்டிருந்தா எழுதியிருப்பீங்களா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"அப்படின்னா பெட்டியைத் தொடாதீங்க," என்றாள் ஹெர்லிந்தா. குரல் உயரவில்லை. "அஞ்சு பேர் போதும். ஏன் அஞ்சு பேர்னு ஃபாதர் கேட்டா நான் சொல்லிக்கறேன்."

"ஹெர்லிந்தா!" என்றாள் அத்தை.

வண்டிக்காரர் தலையை நீட்டினார். "அம்மா, ரெண்டாகப் போகுது. ஃபாதர் காத்துக்கிட்டு இருப்பாரு."

"காத்திருக்கட்டும். எங்கப்பா காத்திருக்காத ஆபீஸா?"

முன்னறையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் காதுகொடுப்பது எவரிஸ்தோவுக்கும் புரிந்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தேதி எழுதினார். நாபோர் என்று எழுதினார். பேனா நின்றது.

"வருஷம் எனக்கு எங்கம்மா ஞாபகம் இருக்கு?"

"எண்பத்தொன்பது, வெங்காயம்."

எல்லாரும் திரும்பினார்கள். அம்மா ஒப்துலியா. செவ்வாய்க்கிழமையிலிருந்து வாயைத் திறக்காதவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மார்ச்சுல ஆரம்பிச்சோம். மே வரைக்கும். அப்புறம் முலாம்பழம். அந்த வருஷம்தான் கிறிஸ்துமஸுக்குப் பனி விழுந்து ஆரஞ்சு எல்லாம் செத்துச்சு. உங்க லாரி சேத்துல மாட்டி நாபோர் தள்ளுனாரு, கொம்பாத்ரே. எழுதுங்க."

அவர் எழுதினார்.

"தொண்ணூறுல மறுபடி வெங்காயம். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த நிலம். கழிப்பறை கிடையாது, தண்ணி கிடையாது. ஆகஸ்ட்ல மிளகாய். குளிர்காலத்துல முட்டைக்கோஸ்."

"முட்டைக்கோஸ் நம்மகிட்டயா?"

"உங்ககிட்டதான்."

ஒவ்வொரு பயிராக அவள் சொல்லச் சொல்ல ஹெர்லிந்தா காலாண்டுகளை விரல் மடக்கி எண்ணிக்கொண்டு வந்தாள். குறைந்த ஒன்பதில் நிற்கவில்லை, பதினொன்று வந்தது. இந்த மனுஷிக்கு இத்தனையும் தெரிந்திருந்து, புருஷனுக்குப் பயந்து எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். யார்மேல் கோபப்படுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

எவரிஸ்தோ கையெழுத்துப் போட்டார். கைக்குட்டையால் பிடரியைத் துடைத்தார். "இப்ப நான் தூக்கலாமா?"

"தூக்குங்க."

தலைமாட்டு வலப்பக்கம் போய் நின்றார்.  ஹெர்லிந்தா அம்மாவின் முக்காட்டைச் சரிசெய்தாள்.

இரவல் வாங்கிய கறுப்பு உடையில் சட்டைப்பை இல்லை. அத்தனை பேர் புழங்கும் வீட்டில் தாளை விட்டுவர அவளுக்கு மனசில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். கையிலேயே பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நடந்தாள்.

பாட்டு ஆரம்பித்தது. முன்வரிசையில் பக்கத்தில் நின்ற பெண்மணி, முன்பின் தெரியாதவள், வரிகள் தெரியாமல் முனகிக்கொண்டிருந்தாள். பாட்டுத்தாள் என்று எண்ணி ஹெர்லிந்தாவின் கையை எட்டிப் பார்த்தாள்.

ஹெர்லிந்தா தாளை அவள் பக்கம் சற்றுச் சாய்த்துப் பிடித்தாள்.