காவலாளி படத்துக்கு வந்த கருத்து

மென்பொருள் வாங்க நூலகத்துக்கு வக்கில்லை. அதனால் நூலகர் அம்மாள், யாரும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய திறந்த மூல வலைப்பூ மென்பொருள் ஒன்றைப் போட்டு, ஊரில் இருந்த பழைய நூற்பாலையின் புகைப்படங்கள் அறுநூறையும் ஏற்றினாள். படத்துக்கு ஒரு பக்கம்; அடியில் பார்ப்பவர்கள் கருத்து எழுத ஒரு பெட்டி. அவள் படித்து அனுமதித்தால்தான் எழுதியது வெளியே தெரியும். வசவைத் தவிர எதையும் அழிக்கக்கூடாது என்று விதி போட்டவளும் அவளேதான்.

ஊரே திரண்டு வந்து எழுதியது. "இடமிருந்து மூணாவது என் அத்தை." "மேஸ்திரி மீசையப் பாருங்க, ஆளு சரியான பயந்தாங்கொள்ளி!" பட்டியலில் 'பெயர் தெரியாதவர்' என்று கிடந்த முகங்களுக்கெல்லாம் பெயர் கிடைத்தது.

ஒரு படத்தில் ஆலை வாசலில் சாவிக்கொத்தோடு நிற்கும் காவலாளி அவளுடைய அப்பா. இப்போது படுத்த படுக்கை. சாப்பாடு இறங்குவதில்லை. ஆனால் தினமும் கேட்பார், "என் படத்துக்கு யாராச்சும் எழுதினாங்களாம்மா?" இந்த வயதில் புகழாசையைப் பார் என்று அவள் சிரித்துக்கொள்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு பெண் எழுதிய கருத்து அந்தப் படத்துக்கு வந்தது.

"ஆலை தீப்பிடிச்ச அன்னைக்கு இந்த ஆளு பின்கதவைப் பூட்டிட்டு வெளிய நின்னாரு. திறங்கண்ணேன்னு கத்தினோம். முதலாளி சொல்லாம திறக்க மாட்டேன்னுட்டாரு. நான் ஜன்னல் வழியா குதிச்சேன். என் தங்கச்சி உள்ளயே போயிட்டா."

சாகக் கிடக்கிற மனிதர், நிம்மதியாகப் போகட்டுமே என்று அவள் அதை அழித்தாள். குப்பைப் பெட்டியையும் காலி செய்தாள்.

வீட்டில் அப்பா கேட்டார்.

"யாரும் எழுதலப்பா."

"பின்கதவைப் பத்திக்கூடவா?"

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இவ்வளவு நாள் அவர் கேட்டது பெருமையில் இல்லை, பயத்தில்.

"இல்லப்பா."

"அப்ப உள்ள இருந்தவங்க ஒருத்தரும் மிஞ்சல. நல்லவேளை," என்றார். "பசிக்குது. சோறு போடு." வெகுநாள் கழித்து வயிறார உண்டார்.

பெற்ற அப்பா மேல் அப்படி ஓர் அருவருப்பு வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. தன் மேலும்தான்.

அழித்தது திரும்பாது. எழுதிய பெண்ணின் பெயரும் அதோடு போயிற்று. சொற்கள் மட்டும் மனதில் அப்படியே இருந்தன. மறுநாள் நூலகம் திறந்ததும் அவற்றை அதே படத்துக்கடியில் அடித்தாள். "இதை எழுதிய அம்மா என்னை மன்னிக்கணும். அழிச்சது நான்தான். இவர் என் அப்பா" என்று சேர்த்துத் தன் பெயரையும் போட்டாள். நூலகர் எழுதினால் யார் அனுமதியும் வேண்டியதில்லை. உடனே வெளியே வந்துவிட்டது.

அன்று அப்பா எதுவும் கேட்கவில்லை. அவளாகவே கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"ஒண்ணு வந்திருக்குப்பா. படிக்கிறேன், கேளுங்க."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் படித்தாள்.