சுஹ்ராவின் இடக்கை

மத்தாலி மகளின் இடது கையை முதுகுப் பக்கம் மடக்கி, புகையிலை கட்டும் கயிற்றால் இடுப்போடு சேர்த்து இறுக்கினான். நான்கு வயது சுஹ்ரா வீறிட்டாள். கன்னத்தில் அறை விழுந்ததும் அடங்கினாள்.

“இப்ப சாப்பிடுடீ. மனுஷங்க சாப்பிடற கையால.”

அவள் வலது கையை அசைக்கவே இல்லை. ஆட்டுக்குட்டி மாதிரி குனிந்து தட்டில் வாயை வைத்தாள். அவன் முடியைப் பிடித்துத் தூக்கினான்.

“விடுங்க!” என்றாள் அவன் மனைவி மிஸ்னா. “மருத்துவச்சி என்ன சொன்னாங்க? வயித்துக்குள்ள விரல் சூப்பறப்பவே எந்தக் கைன்னு ஆரம்பிச்சிடுதாம். தவழறப்ப ரெண்டு கையையும் மாத்தி மாத்தித்தான் நீட்டிச்சு. இப்ப ஒண்ணு நிலைச்சிடுச்சு. அடிச்சா மாறாதாம்.”

“ஹாஜிக்கு உன் மருத்துவச்சியா பதில் சொல்வா?”

அன்று மாலை ஹாஜி துராஹெம் தன் பேரனுக்குச் சுஹ்ராவைப் பேசி வைக்க வருகிறார். இந்தோனேசியாவின் மதுராத் தீவில் பால்பல் விழுமுன்பே பேசி வைப்பது வழக்கம்தான். ஹாஜியிடம் மலைச்சரிவு முழுக்கப் புகையிலை. சம்பந்தம் கூடினால் மத்தாலி கூலிக்கு இலை கிள்ள வேண்டாம். ஆனால் பலகாரத்தைப் பெண்பிள்ளைதான் நீட்ட வேண்டும். கழுவுகிற கையால் நீட்டினால் முகத்தில் துப்பியது போல.

ஹாஜியும் அவர் மகன் சம்சுரியும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். அதற்குள் மத்தாலி மகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தான். சுஹ்ரா வலது கையில் தட்டை ஏந்தி வந்தாள். அப்பாவின் முறைப்பைப் பார்த்ததும் தட்டு சரிந்தது. இடது கை பாய்ந்து வந்து அதைப் பிடித்து, ஹாஜியின் மார்புக்கு நேரே நீட்டியது.

சம்சுரி தட்டைத் தட்டிவிட்டான்.

“என்ன மத்தாலி, எங்கப்பாவுக்குக் குண்டி கழுவுற கையா? இத்துனூண்டு கையை அடக்கத் துப்பில்லை, நீயெல்லாம் எதுக்கு மீசை வெச்சிருக்கே?”

ஹாஜி எழுந்தார். “வாடா, போகலாம்.”

“நில்லுங்க ஹாஜி! அந்தக் கையே இல்லாம பண்றேன். கண்ணால பாத்துட்டுப் போங்க!”

மத்தாலி மகளை முற்றத்து உரலடிக்குத் தரதரவென்று இழுத்துப் போனான். அவள் இடது உள்ளங்கையை உரலின் விளிம்பில் வைத்து, முழங்காலால் மணிக்கட்டை அழுத்திக்கொண்டான். உலக்கையைத் தூக்கினான்.

“ஏய், பைத்தியமாடா உனக்கு?” என்று ஹாஜி கத்தினார். சம்சுரி சிகரெட்டோடு வேடிக்கை பார்த்தான்.

மிஸ்னாவின் கையில் அகப்பட்டது ஒரு விறகுக் கட்டை. உலக்கை இறங்குமுன் அவன் முழங்கையில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. உலக்கை உருண்டது. அவன் இன்னொரு கையால் அவள் வாயில் குத்தினான். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. அவள் மறுபடி அடித்தாள். அவன் நெற்றி பிளந்தது.

கூரையில் செருகியிருந்த வளைந்த அரிவாளை அவன் உருவினான்.

“உன்னையும் சேர்த்து வெட்டறேன்டீ!”

மகளை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு மிஸ்னா நின்றாள்.

“வெட்டு. ஆனா எங்க நின்னு வெட்டறேன்னு பாத்துக்க. இது எங்கம்மா எனக்குக் கட்டிக்கொடுத்த வீடு. இந்த முற்றத்தைச் சுத்தி இருக்கறதெல்லாம் என் அக்கா தங்கச்சி வீடு. நீ பாயோட வந்தவன்.”

அவனை அவள் ‘நீ’ என்றது அதுவே முதல்முறை. கதவுகள் திறந்துகொண்டன. அக்கா கையில் புகையிலை சீவும் கத்தி. தங்கை கையில் உலக்கை. அந்தத் தீவில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளைதான் ஒரு பாயோடு வந்து ஒண்டுவான்; அந்தப் பாயைத் தூக்கிப் போட்டால் அவன் கிளம்ப வேண்டியதுதான். ஹாஜியின் நிலத்தைப் பற்றிய கனவில் மத்தாலி அதை மறந்திருந்தான்.

“பாயைக் கொண்டாந்து போடுடீ அவனுக்கு” என்றாள் அக்கா.

பாய் வந்து அவன் காலடியில் விழுந்தது. ஹாஜியும் மகனும் எப்போதோ நழுவியிருந்தார்கள். அவன் அரிவாளைக் கீழே போட்டான். தொங்கும் கையோடு அவன் வேலியைத் தாண்டிப் போனான்.

விளக்கு வைத்ததும் மிஸ்னா தட்டில் சோறு போட்டாள். சுஹ்ரா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். ஊட்டிவிடு என்றாள் தங்கை. மிஸ்னா தலையசைத்து மறுத்தாள், காத்திருந்தாள்.

சோறு ஆறியது. கயிற்றுத் தழும்பு பதிந்த இடது கை மெல்ல வெளியே வந்து, பாதியில் நின்றது. குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“அள்ளுடீ” என்றாள் மிஸ்னா, வீங்கிய உதட்டோடு.