வெளிச் சாப்பாடு அனுமதி இல்லை

ஏகாம்பரம் மாட்டு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதே ஐம்பது வயதுக்கு மேல்தான். அவருடைய அப்பா காலத்திலேயே வேப்பம்பட்டு வயல்களில் டிராக்டர் இறங்கிவிட்டது. நிலத்தை விற்று, அதில் 'மண்வாசம்' என்று ஒரு ரிசார்ட் எழும்பி, அங்கேயே அவர் வேலைக்கும் சேர்ந்த பிறகு, தலையில் ஒரு தலைப்பாகையைச் சுற்றிவிட்டு வண்டியில் ஏற்றி உட்கார வைத்தார்கள். "பரம்பரை பரம்பரையா ஓட்டறவர்" என்று மேனேஜர் ஸ்ரீநாத் விருந்தாளிகளிடம் அளக்கும்போதெல்லாம் அவர் மாட்டின் வாலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கூட்டத்துக்கா குறைச்சல்? வாரத்தில் இரண்டு நாள் லீவு, தவணையில் கார், வழவழவென்று வெளிவட்டச் சாலை, கையில் போன். இத்தனையும் வைத்துக்கொண்டு அம்பத்தூர் அடுக்குமாடியில் சும்மா உட்கார்ந்திருக்க யாரால் முடியும்? எங்கேயாவது போயே தீர வேண்டும், போனதைப் படமெடுத்துப் போட்டே தீர வேண்டும். வருகிற வழியில் ரோட்டில் படுத்திருந்த பசுவை ஹாரன் அடித்துத் துரத்திவிட்டு, உள்ளே வந்து காசு கட்டிப் பிள்ளைக்குப் பசுவைக் காட்டினார்கள். ஏகாம்பரத்துக்கு வயிறு எரியும். எரிந்து என்ன செய்வது, சம்பளமும் அங்கேதான் வருகிறது.

ஞாயிறு காலையில் அவருக்குக் கேட்டில் வேலை. வருகிறவர்களைக் கும்பிட வேண்டும். அப்படியே பையைப் பார்த்து, பிரியாணிப் பொட்டலம், சிப்ஸ் ஏதாவது இருந்தால் வாங்கி வைத்துவிட்டு, தலைக்கு மேலிருக்கும் போர்டைக் காட்ட வேண்டும். 'வெளிச் சாப்பாடு அனுமதி இல்லை.'

ரிசார்ட்டுக்கு நட்டநடுவில், வேப்பமரத்தடியில், பொன்னியம்மன் இருந்தாள். ஏகாம்பரத்தின் பங்காளிகள் எல்லோருக்கும் அவள்தான் குலதெய்வம். பத்திரம் எழுதும்போது எழுதுகிறவர் கேட்கத்தான் செய்தார், கோயிலுக்குப் போகிற பாதையைத் தனியாகக் குறிப்பிட வேண்டாமா என்று. ஏகாம்பரம் சிரித்துவிட்டார். "அம்மனுக்கு இன்னாத்துக்குங்க பத்திரம்? அவ எடம், அவ வழி." வாங்கியவரும், "எப்ப வேணா வாங்க பெரியவரே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

சொன்ன சொல் கொஞ்ச காலம் நின்றது. ஆடி மாதம் ஊர் வந்து கூழ் வார்த்துவிட்டுப் போகும். இந்த வருஷம் அவர் மனைவி கண்ணம்மாவின் வேண்டுதல். மகள் திவ்யா பிரசவத்தில் பிழைப்பாளா என்று ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தபோது அவள் வேண்டிக்கொண்டது. பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அதற்காகக் கண்ணம்மா காப்புக் கட்டி, கேழ்வரகு மாவைப் புளிக்க வைத்துக் கூழ் காய்ச்சி, உப்புக்கூட வாயில் வைத்துப் பார்க்காமல், வேப்பிலை செருகிய பானையைத் தலையில் சுமந்து வந்தாள். பின்னால் பம்பையும் ஊரும். கேட்டில் தலைப்பாகையோடு புருஷன்.

"இன்னாயா மசமசனு நிக்கற? கேட்டத் தொற."

அவர் தாழ்ப்பாளில் கை வைத்தார். ஸ்ரீநாத் ஓடி வந்தான்.

"ஏகாம்பரம் அண்ணா, இன்னிக்குப் பெரிய கம்பெனிக்காரங்க வந்திருக்காங்க. ஆளுங்க உள்ள வரட்டும், கூட்டத்த வேணாம்னு சொல்லல, பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா பானை கூடாது. ரூல் ரூல்தான்."

"சார், அது சாமிக்கு சார்."

"அதுவும் சாப்பாடுதான? யாருக்காவது வயித்த வலிச்சா யாரு பதில் சொல்றது?" அவன் கொஞ்சம் யோசித்தான். "சரி, ஒண்ணு பண்ணலாம். நம்ம கிச்சன் ஆள் ஒரு வாய் டேஸ்ட் பாத்து ஓகே சொல்லட்டும். அப்புறம் எடுத்துட்டுப் போங்க."

ஏகாம்பரத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. "அம்மனுக்குப் படைக்கறதுக்கு முன்னாடி வாய் வெச்சா எச்சி சார். அவளுக்கு எச்சியக் குடுக்கச் சொல்றியா?"

"அப்ப நம்ம கிச்சன்லயே கூழ் இருக்கே, சனிக்கிழமை சனிக்கிழமை போடறோமே. அதையே வைங்க. அம்மனுக்கு என்ன தெரியப்போகுது?"

பம்பை நின்றது. ஊரே ஏகாம்பரத்தைப் பார்த்தது. நிலம் இவர் விற்றது, சொல் வாங்கியவரும் இவர், தாழ்ப்பாளும் இவர் கையில். ஒரு இழுப்பு இழுத்தால் போதும். இழுத்தால் நாளையிலிருந்து இந்தக் கேட்டுக்குள் அவரும் வர முடியாது. நிற்க ஒரு சென்ட் நிலம் வேறு எங்கேயும் இல்லை. கை தாழ்ப்பாளிலேயே இருந்தது, அசையவில்லை.

கண்ணம்மா அந்தக் கையையே பார்த்தாள். பிறகு பானையை இறக்கி, மதில் ஓரமாக, ரோட்டிலேயே வைத்தாள். உள்ளே வேப்பமரத்தின் உச்சி மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றினாள். முதல் கரண்டியை மதிலடியில் வார்த்தாள். கூழ் சிமெண்டில் வழிந்து ரோட்டுப் புழுதியோடு கலந்தது. உள்ளே நுழையக் காத்திருந்த கார்களின் கண்ணாடிகள் இறங்கின, போன்கள் நீண்டன. "செம ரியலா இருக்குல்ல!" என்றாள் ஒருத்தி.

ஊர் வரிசையாகக் குடித்தது. ஏகாம்பரம் கடைசியாகத் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். கண்ணம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் சொம்பு நிறைய வார்த்துக் கொடுத்தாள். கருவாட்டுக் குழம்பையும் மறக்காமல் இலைத்துண்டில் வைத்தாள்.

அவர் சொம்பை ஏந்தியபடி கேட்டுப் பக்கம் திரும்பினார். அம்மன் முன்னால் நின்று குடிக்கலாம் என்று நினைத்திருப்பார், பாவம்.

"இந்தா," என்று கூப்பிட்டாள் கண்ணம்மா. "அத எங்க எடுத்துகினு போற? வெளிச் சாப்பாடு. இங்கியே குட்ச்சிட்டு உள்ள போ."

அவர் போர்டுக்குக் கீழே நின்று குடித்தார். கூழில் உப்பு சரியாகத்தான் இருந்தது.